வாயில்லா உயிர்களுக்காக வழக்காடிய ருக்மிணி தேவி

கலாக்ஷேத்திரம் என்றவுடன் பரதக் கலையும், அதனை உலகறியச் செய்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆடற்கலைக்கு அவர் ஆற்றிய தொண்டினைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. ஆனால் அப்பெருமாட்டி தம் வாழ்நாளின் பிற்பகுதியில் முப்பதாண்டுகளுக்கும் மேலாக, பேச இயலாத உயிர்களின் பொருட்டுப் பாராளுமன்றத்திலும் அதற்கு வெளியிலும் ஓயாது உழைத்தார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட நம் இல்லங்களில், அவருடைய ஆடற்சிறப்பினும் இந்த அறப்பணியே முதலில் பேசப்படுதல் தகும்.

பிறப்பும் வளர்ப்பும்

1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரை மாநகரில் ருக்மிணி பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர், இசையில் நாட்டமுடையவர். அந்தணர் குலத்தில் பிறந்தவராயினும், தந்தையார் பிரம்மஞான சபையின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டு, ஓய்வு பெற்றபின் அடையாற்றில் அச்சபையின் தலைமையிடத்திற்கு அருகிலேயே இல்லம் அமைத்துக் கொண்டார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையார் தலைமையேற்றிருந்தார். புலால் உண்ணாமையும், அறிவியலின் பெயரால் உயிர்களை அறுத்துச் சோதித்தலை எதிர்த்தலும் அச்சபையினர் பலர் போற்றிய கொள்கைகள். இச்சூழலில் வளர்ந்த சிறுமியின் உள்ளத்தில் உயிரிரக்கம் இளமையிலேயே வேரூன்றியது.

1920-இல், தம் பதினாறாம் வயதில், ஆங்கிலேயரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேல் அவர்களை மணந்தார். அக்காலத்துச் சென்னைச் சமூகம் இம்மணத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பழிச்சொல்லைக் கேட்டுக்கொண்டே தாம் சரியென்று கருதியதைச் செய்யும் உறுதி அவருக்கு அவ்வயதிலேயே வாய்த்தது. அவ்வுறுதி பின்னாளில் இருமுறை அவருக்குத் துணை நின்றது.

முதன்முறை, கலைத்துறையில். 1928-இல் உருசிய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிட்டியது. தம் நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா தூண்ட, ருக்மிணி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்றார். குலமகளிர் ஆடலாகாது என்றிருந்த காலத்தில், 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அரங்கேறினார். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், பின்னர்க் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1945-இல் கணவர் மறைந்தார். அதன்பின் அவர் தனித்தே பணிகளைச் சுமந்தார்.

இரண்டாம் முறை அவ்வுறுதி துணை நின்றது, நாம் இங்குக் கூற வந்த அறப்பணியில்.

மாநிலங்களவையில்

1952-இல் மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது, குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர் பன்னிருவர். சத்தியேந்திரநாத போஸ், ஜாகிர் உசேன், காகா காலேல்கர் முதலிய பெருமக்கள் இடம்பெற்ற அப்பட்டியலில் பெண்மணி ஒருவரே. அவர் ருக்மிணி தேவி. 1956-இல் மீண்டும் நியமிக்கப்பெற்று, 1962 வரை அவ்வவையில் இருந்தார். கலைத்துறையின் சார்பில் சென்ற ஒருவர் கலைக்கு மானியம் வேண்டுவார் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ விலங்கினங்களுக்கு நீதி வேண்டினார்.

அக்காலத்தில் விலங்குகளைக் காக்க நாட்டில் சட்டமே இல்லையெனக் கூறல் தவறாகும். 1890-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்தது. ஆயின் அது வளர்ப்பு விலங்குகளையும் பிடிபட்ட விலங்குகளையும் மட்டுமே கருத்திற் கொண்டது. பெரும்பாலும் நகரெல்லைக்குள் பொது இடங்களில் நிகழும் கொடுமையையே தண்டித்தது. சிற்றூரின் களத்துமேட்டிலும் மூடிய கதவுக்குப் பின்னாலும் துன்புறும் உயிருக்கு அதனால் பயன் சிறிதே.

இக்குறையைப் போக்கும் பொருட்டு 1953-இல் ருக்மிணி தேவி தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1954 மார்ச்சுத் திங்களில் அதன்மீது அவையில் விவாதம் நடைபெற்றது. சோதனைச் சாலைகளில் உயிர்கள் படும் துன்பமும் அதில் எழுந்தது. மருத்துவ ஆராய்ச்சியின் பெயரால் நடைபெறுவதைக் கேள்வி கேட்பது, புதிதாக விடுதலை பெற்று அறிவியலையே நம்பியிருந்த நாட்டில் எளிய செயலன்று.

பிரதமர் நேரு அவரது நோக்கத்தைப் பாராட்டினார். எனினும் இப்பொருள் குறித்து அரசே குழு அமைத்து ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் எனவும், ஆதலால் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டார். இங்கே அம்மையாருக்கு நேர்ந்த இக்கட்டினை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரும்பப் பெற மறுத்தால், தம் கொள்கை சிதையாமல் நிற்கும். ஆனால் அரசின் ஆதரவில்லாத தனி உறுப்பினர் மசோதா நிறைவேறுதல் அரிது. திரும்பப் பெற்றால், சட்டம் வரும். ஆனால் அது தாம் விரும்பிய வடிவில் வாராது. பெருமை தமக்குச் சேர்வதினும் மாட்டின் முதுகில் ஒரு சுமை குறைவதே மேலென்று அவர் கருதினார் போலும். மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

அதன்பின் ஆறாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. குழு அமைந்தது, ஆய்வு நடந்தது, அரசின் மசோதா வந்தது. முடிவில் 1960 டிசம்பர் 26-ஆம் நாள் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

சட்டமும் அணுவிரதமும்

இச்சட்டத்தைப் படிக்கும் சமணர் எவரும் வியப்படைவர். மனிதர் நீங்கலாக உயிருள்ள எப்பிராணியும் விலங்கே என அது வரையறுக்கிறது. பழைய சட்டத்தின் குறுகிய வேலியை நோக்க, இது மிக அகன்ற நோக்கு.

மேலும், நம் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை நாம் அறிவோம். உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றல், உணவும் நீரும் தராது தடுத்தல் என்பன அவை. இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு எவற்றைக் குற்றமென்கிறது? குறுகிய கயிற்றிலோ கனத்த சங்கிலியிலோ பொருந்தா வகையில் கட்டிவைத்தல், அடித்தலும் உதைத்தலும், உறுப்பைச் சிதைத்தல், மிகைச் சுமை ஏற்றல், உரியவரே உணவும் நீரும் உறைவிடமும் அளியாதிருத்தல் ஆகியன அதில் உள்ளன. ஐந்தும் ஐந்தோடு பொருந்துகின்றன. ருக்மிணி தேவி சமணர் அல்லர். சட்டத்தை வரைந்த அதிகாரிகளும் நம் ஆகமங்களைப் பார்த்து எழுதியவர் அல்லர். துன்புறும் உயிரை நேர்மையாக உற்றுநோக்கும் எவரும் அதே ஐந்தினையே காண்பர் என்பதற்கு இது சான்றாகும்.

அப்பிரிவில் இன்னொன்றும் உண்டு. முதுமையாலோ நோயாலோ உழைக்க இயலாத விலங்கை வேலைக்குப் பூட்டுதலும், பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கினைக் கைவிட்டுவிடுதலும் குற்றமாகும். வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழவுத்தொழில் செய்து வந்த நம் குடும்பத்தார்க்கு, உழைத்து ஓய்ந்த எருது ஒன்றை என்செய்வது என்ற வினா புதிதன்று. அதனை அடிமாடாக விற்க மனம் ஒப்பாது. தீனியிட்டுக் காக்கவும் சில ஆண்டுகளில் வருவாய் இடந்தராது. இவ்வினாவிற்கும் சட்டத்தில் விடை தேடப்பட்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சட்டத்தின் குறைகளையும் மறைத்தல் கூடாது. உணவுக்காகக் கொல்லுதலை, தேவையற்ற துன்பம் இல்லாவிடில், அது குற்றமாக்கவில்லை. சமயச் சடங்கின்பொருட்டு உயிர் கொல்லுதலை 28-ஆம் பிரிவு விலக்கி வைத்தது. சோதனைக்கூடங்களைத் தடுக்காது, கண்காணிக்கக் குழு அமைக்க மட்டுமே வழி செய்தது. தண்டனையோ மிகச் சிறிது: முதற்குற்றத்திற்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். தாம் கேட்டது முழுமையும் கிடைக்கவில்லை என்பதை அம்மையார் நன்கறிவார். கிடைத்ததைக் கருவியாகக் கொண்டு பணியைத் தொடங்கினார்.

வாரியத்தின் தலைவராக

சட்டத்தின்படி 1962-இல் இந்திய விலங்கு நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற ருக்மிணி தேவி, 1986-இல் தாம் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் தலைமையேற்றிருந்த காலத்தில் சட்டத்தின்கீழ் விதிகள் பல வந்தன. 1965-இல் வந்த வண்டிமாடு, பொதிமாடு பற்றிய விதிகள் குறிப்பிடத்தக்கவை. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் விலங்கினை வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை பூட்டலாகாது. ஆணி பதித்த தார்க்குச்சியால் குத்தலாகாது என்பன அவற்றுட் சில. 1978-இல் விலங்குகளை இரயிலிலும் லாரியிலும் ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வந்தன. மேலைநாட்டுச் சோதனைச் சாலைகளுக்கு நம் நாட்டுக் குரங்குகளை ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்து வந்ததை அவர் இடைவிடாது எதிர்த்தார். மொரார்ஜி தேசாய் பிரதமராயிருந்தபோது, 1978-இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது.

1977-இல் மொரார்ஜி அவர்களே குடியரசுத் தலைவர் பதவிக்கு ருக்மிணி தேவியின் பெயரை முன்வைக்க விழைந்தார். அம்மையார் அதனை ஏற்கவில்லை. நாட்டின் முதற்குடிமகள் என்னும் பெருமையைத் துறந்து, கலாக்ஷேத்திரத்து மரத்தடியிலும் வாரியத்தின் கோப்புகளிடையேயும் இருத்தலையே அவர் விரும்பினார். பத்மபூஷண் விருதும், இங்கிலாந்தின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தார் அளித்த விக்டோரியா அரசியார் வெள்ளிப் பதக்கமும் அவரைத் தேடி வந்தவை. உலக மரக்கறி உணவாளர் ஒன்றியத்தின் துணைத்தலைவராகவும் அவர் நெடுங்காலம் விளங்கினார்.

புகலிடங்கள் பெருக வழி

வாரியத்தின் கடமைகளுள் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. முதுமையுற்றும் பயனற்றும் போன விலங்குகளும் பறவைகளும் தஞ்சம் புகுதற்குரிய பிஞ்சராபோல்கள், மீட்பில்லங்கள், காப்பகங்கள் ஆகியவற்றை நிறுவப் பொருளுதவி முதலியவற்றால் ஊக்குவித்தல் என்று சட்டமே அக்கடமையை விதிக்கிறது. பிஞ்சராபோல் என்னும் சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குஜராத்துச் சமண வணிகர்கள் நூற்றாண்டுகளாய்ப் பேணி வந்த அறநிலையம் அது. பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேயர் ஆணையிட்டதை எதிர்த்து 1832-இல் கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் 1834-இல் பார்சி வணிகரும் குஜராத்தி வணிகரும் கூடி அங்கொரு பிஞ்சராபோலை நிறுவினர். அவ்வறநிலையத்தின் பெயர் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இடம்பெற்றது நமக்குப் பெருமையே. அதனினும் மிகுதியாக, நமக்கு அது பொறுப்புமாகும்.

35-ஆம் பிரிவின்படி, வதைக்குள்ளான விலங்கினை மருத்துவ இல்லத்திற்கோ பிஞ்சராபோலுக்கோ அனுப்புமாறு நடுவர் ஆணையிடலாம். பராமரிப்புச் செலவை உரியவரே ஏற்க வேண்டும். அவர் வறியவராயின் கட்டணமில்லை. ஆனால் அனுப்புதற்கு அருகில் ஓர் இல்லம் இருந்தாலன்றோ ஆணைக்குப் பொருளுண்டு? சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே தொட்டியும் தீவனமும் மருந்தும் வைத்துக் காத்திருப்பது அந்தந்த ஊரின் தரும சிந்தையுடையோர் கடமை. சென்னையிலேயே 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற தொண்டமைப்புகள் இவ்வகையில் முன்னோடிகளாயின.

இல்லமே காப்பகம்

காப்பகம் நடத்துவோர் அனைவரும் அறிந்த துன்பம் இடநெருக்கடி. பால்குடி மறவாத நாய்க்குட்டிகளைப் பல விலங்குகளுக்கு நடுவே வைத்தால், தடுப்பூசி போடும் பருவம் வருமுன் தொற்றுநோய் தாக்கி அவை மடிகின்றன. அறுவை செய்யப்பட்ட விலங்குக்கு வேண்டிய அமைதி கூட்டத்தில் கிட்டுவதில்லை. இதனால் இன்று பல ஊர்களில் காப்பகத்தார் இத்தகைய உயிர்களைச் சில வாரங்களுக்கு அன்பர்களின் இல்லங்களில் ஒப்படைக்கின்றனர். மருந்தும் மருத்துவரும் காப்பகத்தார் பொறுப்பு. இடமும் உணவும் நேரமும் இல்லத்தார் பொறுப்பு. குட்டி தேறியபின் அதனை நிலையாக வளர்க்க விரும்பும் குடும்பத்திற்கு அளித்துவிடுவர்.

இம்முறை ருக்மிணி தேவியின் காலத்தில் பரவலாக இருந்ததன்று. ஆயினும் அதன் வித்து அவர் போராடிப் பெற்ற சட்டத்திலேயே உள்ளது. ஒரு விலங்கு எவர் பொறுப்பில் இருக்கிறதோ அவரே அதன் நலத்திற்கு வேண்டியன செய்யக் கடமைப்பட்டவர் என மூன்றாம் பிரிவு கூறுகிறது. விலை கொடுத்து வாங்கியவர் என்று அது கூறவில்லை. ஒரு வாரம் நம் திண்ணையில் தங்கும் குட்டிக்கும் நாமே பொறுப்பாளர்.

நம் இல்லத்தார் இப்பணியை ஏற்க விழைந்தால் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. நாய்க்குட்டி பால், சோறு, பருப்பு, தயிர் இவற்றோடு மருத்துவர் கூறும் சத்துப்பொருள்களும் பெற்று வளரும். பூனையோ இயல்பிலேயே ஊனுண்ணி. ஆதலால் புலால் புகாத நம் அடுக்களைக்கு நாய்க்குட்டியோ கன்றோ பொருந்தும். பூனையைப் பிறரிடம் விடுதலே அதற்கும் நலம், நமக்கும் நலம். புதிதாக வந்த குட்டியை, வீட்டில் முன்பே உள்ள விலங்குகளிடமிருந்து இரு வாரமேனும் பிரித்து வைத்தல் வேண்டும். பராமரிப்போர் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். கூட்டிலிருந்து விழுந்த கிளி போன்ற காட்டுயிர்களை இரக்கத்தினால் கூட வீட்டில் வளர்த்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வனத்துறையிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

இவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. இரவு பகல் பாராது காத்த குட்டியைத் திரும்பக் கொடுக்கும் நாளில் வீட்டுக் குழந்தைகள் அழுவர். பெரியோர்க்கும் மனம் கலங்கும். ஆயினும், என்னுடையது என்னும் பற்றினை விட்டு, அவ்வுயிரின் நலத்தை மட்டும் கருதி வழியனுப்புதல், அகிம்சையோடு அபரிக்கிரகத்தையும் குழந்தைகளுக்குப் பயிற்றும் பாடமாகும். தாம் ஈன்ற மசோதாவைப் பிறர் கையில் ஒப்படைத்து, அது சட்டமாக வளர்வதைக் கண்டு மகிழ்ந்த அம்மையாரின் வாழ்வும் இதனையே கற்பிக்கிறது.

நிறைவு

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவை நிறைய ஐந்து நாள்களே இருக்கையில், ருக்மிணி தேவி அம்மையார் மறைந்தார். கலாக்ஷேத்திரத்தை 1993-இல் பாராளுமன்றம் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. தெருநாய்களைக் கொல்லாது, கருத்தடை செய்தும் தடுப்பூசியிட்டும் காக்கும் விதிகள் அவர் பெற்றுத் தந்த சட்டத்தின்கீழேயே 2001-இல் பிறந்தன. சென்னையில் அவர் வளர்த்த வாரியத்தின் தலைமையகம் 2018-இல் அரியானா மாநிலத்துப் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. அலுவலகம் வடக்கே சென்றாலும், அவர் விட்டுச் சென்ற கடமை இங்கேயே உள்ளது.

நம் ஊரில் உழைத்து ஓய்ந்த எருது ஒன்று இருக்கும். தாயை இழந்த குட்டி ஒன்று தெருமுனையில் நடுங்கிக்கொண்டிருக்கும். அவற்றிற்காக வழக்காட ஒருவர் டெல்லி வரை சென்று வந்தார். அவற்றிற்குக் கதவைத் திறக்க நாம் வாயிற்படி வரை சென்றாற் போதும்.

உயிர்கள் யாவும் நலம் பெறுக.